பீச் பழம்: வாங்குவதிலிருந்து ஜாம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மங்குஸ்தான், ரம்புட்டானுக்குப் பக்கத்தில் பீச்சும் தட்டில் ஏறிவிடும். பாளையங்கோட்டை, நெல்லை டவுன் பழக்கடைகளில் அதற்கு முன்பே, கோடையிலேயே எட்டிப்பார்க்கும். கடைக்காரர்கள் பிச்சீஸ் என்பார்கள். ஆசையாக வாங்கிப் போகிற நிறையப் பேர் மறுவருஷம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. "பார்க்க அழகா இருக்கு, வாயில வச்சா ஒண்ணு புளிக்குது, இல்லைன்னா சக்கையா இருக்கு" என்பதுதான் புகார்.

புகார் நியாயம்தான். ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் செய்கிற வரிசை. சமையல் குறிப்பை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற பழத்தை அதற்குள் திணிக்கிறோம். பீச்சுக்கு அது சரிப்படாது. பழம் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் என்ன செய்யலாம் என்றே யோசிக்க வேண்டும்.

1. கடைக்குப் போகுமுன் வீட்டில் இருக்க வேண்டியவை

எலுமிச்சம்பழம் நான்கைந்து. நறுக்கிய பீச் காற்றுப் பட்டதும் பழுப்பாகிவிடும். எலுமிச்சைச் சாறு அதைத் தடுக்கும். ஜாம் இறுகுவதற்கும் அதே புளிப்புத்தான் வேண்டும். புளியங்குடி எலுமிச்சை கிடைத்தால் விசேஷம்.

கூர்மையான சின்னக் கத்தி, காய்கறித் தோல் சீவி, அடி கனத்த அகலமான எவர்சில்வர் பாத்திரம், பழைய செய்தித்தாள். அலுமினியச் சட்டி வேண்டாம். புளிப்புள்ள பழத்தை அதில் நேரம் பிடித்து வேகவைத்தால் நிறம் மங்கி, உலோக வாடை ஏறும்.

இவ்வளவுதான். பீச்சுக்கென்று தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

2. எந்தப் பழம், எப்போது

பீச் மரம் குளிர் கேட்கிற மரம். குளிர்காலத்தில் போதிய நேரம் குளிர்ந்து உறங்கினால்தான் பூக்கும். தாமிரபரணிக் கரையில் அது நடக்காது. ஆகவே இங்கே வருவதெல்லாம் மலைச் சரக்கு, அல்லது வடக்கத்திச் சரக்கு.

கொடைக்கானல், ஊட்டிப் பழம் சின்னது. பச்சையோடிய மஞ்சள், நிறையச் சுணை, கையில் கல் மாதிரிக் கெட்டி, புளிப்பு தூக்கல். அப்படியே கடித்துச் சாப்பிட இதை வாங்கினால் ஏமாற்றம்தான். சமையலுக்கு என்றால் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

பஞ்சாப் சமவெளியில் குறைந்த குளிரிலேயே காய்க்கிற ரகங்கள் பயிராகின்றன. ஷான்-இ-பஞ்சாப், ஃப்ளோரிடா பிரின்ஸ் போன்றவை. ஏப்ரல் கடைசி, மே வாக்கில் அறுவடை. இமாச்சலப் பிரதேசத்துப் பழம் அதற்குப் பிறகு வரும். அங்கே சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கட் பகுதி பீச்சுக்குப் பேர்போனது. எல்பர்ட்டா, ஜூலை எல்பர்ட்டா, ரெட் ஹேவன் எல்லாம் அந்தக் குளிர் மலைப் பக்கத்து ரகங்கள்.

நம் ஊர்க் கடையில் ரகப் பெயர் கேட்டால் பதில் வராது. பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டுத்தான் கடைக்காரருக்கும் தெரியும். அதனால் பெயரை விட்டுவிட்டு இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள்.

ஒன்று, கொட்டை சதையை விட்டு விலகுமா, ஒட்டிக்கொள்ளுமா. சீசன் தொடக்கத்தில் வரும் பழங்களில் பெரும்பாலும் கொட்டை ஒட்டியிருக்கும். பிந்தி வருகிற எல்பர்ட்டா வகையில் சுலபமாகப் பிரியும். இரண்டாகப் பிளந்து, முழுப் பாதியாகப் பரிமாற நினைத்தால் பிரிகிற வகை வேண்டும். ஜாமுக்கும் ஊறுகாய்க்கும் எதுவானாலும் சரி.

இரண்டு, சதை மஞ்சளா, வெள்ளையா. மஞ்சள் சதையில் புளிப்பும் இனிப்பும் கலந்து இருக்கும். அடுப்பில் ஏறினாலும் மணம் தாங்கும். வெள்ளைச் சதையில் பொதுவாகப் புளிப்பு குறைவு, மணம் மென்மை. வேகவைத்தால் அந்த மணம் போய்விடும், நசுங்கினால் சட்டென்று கறுக்கும். அதை அப்படியே சாப்பிட்டு முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சுணையே இல்லாமல் வழவழவென்று இருக்கிற நெக்டரினும் பீச்தான். தோலில் மட்டும் வித்தியாசம். கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் அது ஆகும், தோல் உரிக்கும் வேலையும் மிச்சம். தட்டையாக அமுங்கிய பீச்சும் சில பெரிய கடைகளில் வருகிறது. விலைக்கு அதைச் சமைப்பது வீண்.

3. கடையில் எடுக்கும்போது

சிவப்பை நம்பாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சிவப்பு, வெயில் பட்ட பக்கத்தின் நிறம். சில ரகங்களில் காயாக இருக்கும்போதே கன்னம் சிவந்துவிடும். பழுத்ததைச் சொல்வது சிவப்புக்கு அடியில் இருக்கிற நிறம். காம்பு இருந்த குழியைச் சுற்றிப் பாருங்கள். அங்கே இலைப் பச்சை இருந்தால் அது முற்றாமல் பறித்தது. எத்தனை நாள் வைத்தாலும் தோல் சுருங்குமே தவிரப் பழுக்காது. பச்சை வெளிறி, வெண்ணெய் நிறமோ மஞ்சளோ ஓடியிருந்தால் எடுக்கலாம்.

அடுத்தது முகர்ந்து பார்ப்பது. காம்புக் குழியில் மூக்கை வைத்தால் மணம் வர வேண்டும். பனிப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த பழத்தில் வராது. வெளியே சற்று நேரம் இருந்த பழத்தில் பாருங்கள்.

தோலில் ஊசி முனை அளவு ஓட்டையும், அதில் கண்ணாடித் துளி போல் பிசினும் தெரிந்தால் பழ ஈ குத்தியிருக்கலாம், உள்ளே புழு இருக்கலாம். மழைக்காலச் சரக்கில் இது சகஜம். நாலு பழத்துக்கு ஒன்று இப்படி இருந்தால் அந்தக் கூடையையே விட்டுவிடுங்கள்.

"அண்ணாச்சி, நல்லா பழுத்ததா பாத்துப் போடுங்க" என்று கேட்டால் அவர் அமுக்கிப் பார்த்துப் போடுவார். வீடு வந்து சேர்வதற்குள் விரல் பட்ட இடமெல்லாம் கன்றியிருக்கும். "கெட்டியா, பச்சை இல்லாம போடுங்க" என்று கேளுங்கள். மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

4. வீட்டுக்கு வந்ததும் மூன்றாகப் பிரியுங்கள்

ஒரே கிலோவில் மூன்று பக்குவமும் இருக்கும். நடுத்தரப் பழம் கிலோவுக்கு ஆறேழு நிற்கும், கொடைக்கானல் பழம் பத்துக்கு மேல். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, காம்புப் பக்கத் தோளில் கட்டை விரலின் வயிற்றால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்.

கொஞ்சமும் அமுங்காதது கெட்டி. அமுங்கினாலும் உடனே எழும்புவது அரைப்பழம். தொட்ட இடம் குழிந்து, கூடம் முழுக்க மணப்பது கனிந்தது.

கெட்டியில் எத்தனை பழத்தைக் காயாகச் சமைப்பது, எத்தனையைப் பழுக்க வைப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கனிந்ததற்கு அன்றைக்கே வேலை கொடுங்கள். மறுநாள் அது காத்திருக்காது.

5. பழுக்க வைப்பது

காசு கொடுத்து வாங்கிய பழம் வீட்டில் கெடுவது இந்தப் படியில்தான். கெடுப்பது குளிர்பதனப் பெட்டி.

பழுக்காத பீச்சுக்கு ஆகாத வெப்பநிலை ஒன்று உண்டு: சுமாராக 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி சரியாக அந்த இடத்தில்தான் ஓடுகிறது. அங்கே சில நாள் கிடந்த காயை வெளியே எடுத்து வைத்தால் மேலுக்கு மெத்தென்று ஆகும், உள்ளே சாறு இருக்காது. வாயில் பஞ்சை மென்றது மாதிரி இருக்கும். இன்னும் முற்றினால் கொட்டையைச் சுற்றிப் பழுப்பு ஓடும். "சக்கையா இருக்கு" என்கிறவர்கள் சாப்பிட்டது இதைத்தான். பழம் வருகிற வழியிலேயே குளிர் தவறியிருக்கவும் கூடும். ஆனால் நம் கையில் இருப்பதை நாம் கெடுக்க வேண்டாம். பழுத்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும்.

வெளியே வைப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பீச் நன்றாகப் பழுக்க 20 முதல் 25 டிகிரி போதும். மே மாதத்து நெல்லையில் அதற்கு எங்கே போவது? அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மணம் சேருமுன் அழுகிவிடும். வீட்டின் குளிர்ந்த மூலையில், மண்பானை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நனையாமல் தரையில் வையுங்கள். செய்தித்தாள் விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக. காம்புத் தோள்தான் பழத்தில் தாங்குகிற இடம்.

சீக்கிரம் வேண்டுமானால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு மடித்து வையுங்கள். பழம் விடுகிற எத்திலீன் வாயு பைக்குள் நின்று வேலை செய்யும். பாலித்தீன் பை கூடாது. உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடிக்கும். அரிசிப் பானைக்குள் புதைக்கிற வழக்கம் மாங்காய்க்குச் சரி, பீச்சின் மெல்லிய தோலுக்கு வேண்டாம். காலையும் மாலையும் ஒரு தடவை பார்த்து, கனிந்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பறித்த பிறகு பீச் மெத்தென்று ஆகும், மணக்கும், சாறு விடும். ஆனால் இனிப்பு பெரிதாகக் கூடாது. வாழைக்காயில் மாவுச்சத்து சர்க்கரையாவதுபோல் ஆக, பீச்சில் அந்தச் சேமிப்பு இல்லை. அதனால்தான் கொடைக்கானல் பழம் கனிந்தாலும் புளிக்கிறது. புளிப்பாகவே இருக்கப்போகிற பழத்தை இனிப்புக்காகக் காத்து வைக்காமல், நேரே 7-ஆம் படிக்குக் கொண்டுபோங்கள்.

6. சுணை, தோல், கொட்டை

இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். முதலில் ஓடுகிற தண்ணீரில் உள்ளங்கையால் தேய்த்துச் சுணையைப் போக்குங்கள். சிலருக்குச் சுணை பட்டால் கையும் உதடும் அரிக்கும். சமைக்கும் அன்றைக்குத்தான் கழுவ வேண்டும்; கழுவி வைத்த பழம் சீக்கிரம் அழுகும்.

தோல் உரிக்க, பழத்தின் நுனியில் கத்தியால் பெருக்கல் குறி மாதிரி மேலாகக் கீறி, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை போட்டு, எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். கீறின இடத்தில் பிடித்து இழுத்தால் தோல் கழன்று வரும். கனிந்ததுக்கும் அரைப்பழத்துக்கும்தான் இது. கெட்டிக்காயில் எத்தனை நிமிஷம் போட்டாலும் தோல் வராது, வெளிச் சதை வெந்துபோகும். அதற்குத் தோல் சீவிதான்.

கொட்டை எடுக்க, பழத்தின் பக்கவாட்டில் ஓடுகிற கோட்டின் வழியே சுற்றிலும் கொட்டை வரை வெட்டி, இரு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள். பிரிகிற வகை என்றால் பிரியும். இரண்டாவது திருகலிலும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மேலும் திருகினால் கையில் கூழ்தான் மிஞ்சும். ஒட்டுகிற வகையை மாங்காய் மாதிரி நிற்கவைத்துக் கொட்டையைச் சுற்றிச் சாய்வாக வில்லை வில்லையாகச் செதுக்கி எடுங்கள். நறுக்க நறுக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

கொட்டையைச் சுற்றிச் சதை சிவந்திருந்தால் அது அழுகல் இல்லை, ரகத்தின் நிறம். நல்ல பழத்தை இதற்காக வெட்டி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில பழத்தில் கொட்டை உள்ளேயே பிளந்து, பாதாம் போல் ஒரு பருப்பு தெரியும். பிள்ளைகள் அதை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள அமிக்டலின் என்கிற பொருள் உடம்புக்குள் போனால் சயனைடாக மாறும். பிளந்த ஓட்டுத் துண்டு சதையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே மிக்ஸியில் போடுங்கள்.

7. கெட்டிக்காய்க்கு: இஞ்சிப் பச்சடியும் ஊறுகாயும்

தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதிக் குழம்புச் சாப்பாடு இஞ்சிப் பச்சடி இல்லாமல் முடியாது. அந்தப் பச்சடியில் புளியின் ஒரு பங்கைக் கெட்டிப் பீச்சுக்குக் கொடுத்துப் பாருங்கள். கொடைக்கானல் பழத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இஞ்சி 100 கிராம், தோல் சீவித் துருவிய பீச் 300 கிராம், வற்றல் மிளகாய் ஆறு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, வெல்லம் 80 கிராம், நல்லெண்ணெய் தாராளமாக, உப்பு.

நறுக்கிய இஞ்சியை முதலில் எண்ணெயில் பச்சை வாடை போகும் வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் கடைசி வரை காரல் நிற்கும். மிளகாயையும் வறுத்து, புளி, உப்பு சேர்த்து அரையுங்கள். கடுகு தாளித்து விழுதைக் கொதிக்கவிட்டு, அப்புறம்தான் பீச் துருவல். அது வெந்து குழைந்த பிறகு வெல்லம். வெல்லத்தை முதலிலேயே போட்டால் துருவல் வேகாமல் நறுக் நறுக்கென்று நிற்கும், அடியும் பிடிக்கும். எண்ணெய் பிரிந்ததும் இறக்குங்கள்.

சொதியிலேயே பீச்சைப் போடலாமே என்று சிலர் கிளம்புவார்கள். வேண்டாம். புளிப்புப் பட்டுக் கொதித்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும். சொதிக்கு எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிவதும் அதனால்தான்.

ஊறுகாய் சுருக்கமான வேலை. சீவிய கெட்டித் துண்டுகள் அரைக் கிலோவுக்குப் பொடித்த கல் உப்பு 40 கிராம், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், கடுகு, பெருங்காயம். காய்ச்சி முழுக்க ஆறிய நல்லெண்ணெயை ஊற்றிக் கிளறுங்கள். சூடாக ஊற்றினால் குழைந்துவிடும். மாங்காயின் நார்க்கட்டு பீச்சில் இல்லை. இது வெந்து ஊறுகிற வருஷ ஊறுகாய் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

8. அரைப்பழத்துக்கு: பாகு, மோர்க்குழம்பு, தோசைக்கல்

ஒரு லிட்டர் தண்ணீர், 300 கிராம் சர்க்கரை, ஏலக்காய் மூன்று, அரை மூடி எலுமிச்சைச் சாறு. கொதித்ததும் தீயைக் குறைத்து, கொட்டை எடுத்த பாதிகளைத் தோலோடு போடுங்கள். தோலின் சிவப்பு பாகில் இறங்கி இளஞ்சிவப்பு நிறம் வரும். வெந்த பிறகு தோல் தானே கழன்றுவிடும். பாதிகள் மிதக்கும். மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அமிழ்த்துங்கள், இல்லையென்றால் வெளியே தெரிகிற பக்கம் கறுக்கும். எட்டு, பத்து நிமிஷத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கும். பாகிலேயே ஆறவிடுங்கள். கனிந்த பழத்தை இப்படிச் செய்தால் கூழாகிவிடும். அரைப்பழம் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காக. மிஞ்சும் பாகைச் சோடாவிலும் எலுமிச்சையிலும் கலந்தால் நல்ல சர்பத். நன்னாரி சேர்க்காதீர்கள்; இரண்டு மணமும் மோதும்.

மாம்பழ மோர்க்குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு அதே முறைதான். பீச் துண்டுகளை மஞ்சள், உப்பு போட்டு ஐந்து நிமிஷம் மட்டும் வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்தது சேர்த்து, தீயைத் தணித்துக் கடைசியில் கடைந்த தயிர். நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும்.

தோசைக்கல்லில் என்றால் வெட்டிய பக்கத்தில் நெய் தடவிக் கவிழ்த்து, நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிஷம் தொடாமல் விடுங்கள். புரட்டிக்கொண்டே இருந்தால் சாறு வடிந்து வேகுமே தவிர, முறுகாது. உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, காய்ச்சி மேலே ஊற்றுங்கள்.

9. கனிந்ததுக்கு: அடுப்பு வேண்டாம்

நறுக்கி, துளி உப்பும் மிளகுத்தூளும் தூவிச் சாப்பிடுங்கள். அல்லது கெட்டித் தயிரோடு அடித்துக் குடியுங்கள்.

பாயசத்தில் போட ஆசை என்றால் ஒரே எச்சரிக்கை. சூடான பாலில் வேகவைக்காத பழத்தைப் போட்டால் பால் திரியும். பழத்தைச் சர்க்கரையோடு தனியே சுருள வேகவைத்து ஆறவிடுங்கள். பாயசத்தையும் குளிரவிடுங்கள். இரண்டும் குளிர்ந்த பிறகு, பரிமாறுகிற நேரத்தில் கலக்க வேண்டும்.

10. ஜாம்

முக்கால் பங்கு கனிந்தது, கால் பங்கு கெட்டியாக எடுங்கள். கனிந்ததில் மணம் இருக்கிறது, ஜாமை இறுக்குகிற பெக்டின் குறைந்துவிட்டிருக்கும். கெட்டியில் அது மிச்சம் இருக்கிறது.

தோலும் கொட்டையும் போக ஒரு கிலோ சதை, சர்க்கரை 750 கிராம், மூன்று எலுமிச்சைச் சாறு. கொட்டையோடு எடை போட்டுச் சர்க்கரையை அளந்தால் தித்திப்பு தலைக்கேறும். எலுமிச்சை விதைகளை மெல்லிய துணியில் முடிந்து கூடவே போடுங்கள். அதிலும் பெக்டின் உண்டு. வெள்ளைச் சதை என்றால் இன்னொரு எலுமிச்சை.

முதலில் பழத்தை மட்டும் அரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து மசியுங்கள். பிறகு சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டி, அகலப் பாத்திரத்தில் வேகமாகக் கொதிக்கவிடுங்கள். குறைந்த தீயில் மணிக்கணக்காகக் கிண்டினால் நிறம் கறுத்து, பீச் வாசனை போய், வெறும் சர்க்கரைப்பாகு வாசனைதான் மிஞ்சும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரியில் நிறுத்தலாம். இல்லையென்றால் குளிரவைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. சூட்டில் தளர்வாகத்தான் தெரியும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்று விட்டால் மறுநாள் மிட்டாய் ஆகிவிடும்.

வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் சூடாக ஊற்றி மூடுங்கள். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்கள் அதை வெளியே வைக்கக் கூடாது. இங்கத்து வெக்கையில் சில நாளிலேயே மேலே பூஞ்சை படரும். குறைத்தால் குளிர்பதனப் பெட்டிதான், அதுவும் சின்னச் சின்ன ஜாடியாக.

11. சீசன் இல்லாத மாதங்களில்

சர்க்கரைப்பாகில் போட்ட டின் பீச் கிடைக்கிறது. அது ஏற்கெனவே வெந்தது, இனித்தது. மறுபடி வேகவைப்பதில் பயனில்லை. வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து, குளிர்ந்த பாயசத்திலோ ஐஸ்கிரீமிலோ போடலாம். தோசைக்கல்லில் வைக்க வேண்டுமானால் துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள், பாகு ஒட்டிக் கருகும். பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் டின் பழம் ஆகவே ஆகாது. மீதியை டின்னிலேயே விடாமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.